மூன்று போத்தலும் ஒரு சமண்டலைத் துண்டும்

வன்னியில் துணுக்காய். பின்னேரம் நாலரை மணி. ஆவணி மாதத்துச் சோளகக் காற்று முற்றத்து மணலை அள்ளி வேலியோரம் குவிக்கிறது. கிணற்றடியில் வாழை. வாழைக்கு அப்பால் ஐந்து பனை. அதில் ஒன்றுக்குத் தலை இல்லை.

வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் எழும்பியது. விறாந்தை பிறகு சேர்த்தது. விறாந்தையில் முதிரை மேசை. மேசையில் பூப்போட்ட மெழுகுசீலை. அதன்மேல் மூன்று போத்தல், நாலு தேத்தண்ணிக் கிளாஸ், ஒரு தேக்கரண்டி, ஒரு செம்பு.

வந்தவர் கிளாஸ்கோவில் இருப்பவர். தலை நரைத்துவிட்டது. போத்தல்களைச் சுற்றி வந்த கம்பளிக் காலுறைகளைச் சோடி சேர்த்து மடிக்கிறார். மடித்து முடியும்வரை யாரும் பேசவில்லை.

சாய்மனைக் கதிரையில் அவருடைய அத்தான். தச்சர். எழுபது தாண்டியவர். இடது கைப் பெருவிரலில் நகம் இல்லை. மேசை, நிலை, கதவு, படலை எல்லாம் அவர் கைவேலை. போத்தல்களை அவர் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்க்கிறார்.

மருமகன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்குகிறான். மல்லாவியில் பள்ளிக்கூடம். குடிப்பதில்லை. வடிகட்டிய தண்ணீர்க் கான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

"கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி, மாமா. இதை ஊத்துங்கோ."

செம்பில் இருந்த தண்ணீர் வாழைக்குப் போகிறது. கான் தண்ணீர் செம்புக்கு வருகிறது.

வந்தவர் சுட்டுவிரலைத் தண்ணீரில் தோய்த்து மெழுகுசீலையில் ஒரு கோடு இழுக்கிறார். கோட்டில் மூன்று புள்ளி. கோடு ஸ்கொட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஐலாத் தீவின் தென்கரை. புள்ளிகள் லஃப்ரோய்க், லாகவூலின், ஆர்ட்பெக். போர்ட் எலன் துறையிலிருந்து கிழக்கே போகும் ஒரே தெருவில் மூன்று வடிசாலையும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடந்தே மூன்றையும் பார்த்துவிடலாம். போத்தல்களில் உள்ள தொடக்க ஆண்டுகளும் அப்படித்தான்: 1815, 1816, 1815.

மரம் குறைந்த தீவு. எரிக்க அங்கே சேறுதான். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் அரைகுறையாக மக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்த கருஞ்சேறு. பெயர் பீட். ஒடுங்கிய நீள மண்வெட்டியால் கட்டி கட்டியாக வெட்டிக் காற்றில் காயவிடுகிறார்கள். ஓர் ஆண்டில் அது வளர்வது ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். முளைவிட்ட பார்லியை அதன் புகையில் உலர்த்துகிறார்கள். புகையில் உள்ள பினோல் தானியத்தில் ஒட்டுகிறது. நொதிக்க வைத்து இரண்டு தரம் வடித்த பிறகும் அந்த மணம் விட்டுப்போவதில்லை.

"மூண்டும் ஒரே சேறு, ஒரே புகை, ஒரே கடற்காத்து. மரம் மட்டும் வேறை, அத்தான்."

அத்தான் கண்ணாடியைச் சாரத்தின் தலைப்பில் துடைத்துப் போடுகிறார். கதிரையை மேசைக்கு இழுக்கிறார்.

முதல் போத்தல். லஃப்ரோய்க் குவார்ட்டர் காஸ்க். 48 வீதம். தக்கை சின்னச் சத்தத்தோடு வருகிறது. ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு விரல் அகலம்கூட இல்லை. நிறம் காய்ந்த வைக்கோல்.

"குடிக்காதேங்கோ. முதல் மணந்து பாருங்கோ. வாயைக் கொஞ்சம் திறந்து வைச்சு."

மருமகன் மணக்கிறான். முகம் பின்னால் போகிறது.

"ஆசுப்பத்திரி. காயத்துக்குப் போடுற டிங்சர்."

வந்தவர் தலையாட்டுகிறார். லஃப்ரோய்க்கை மணந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சொல் அது.

அத்தான் அவசரப்படவில்லை. கிளாஸை நெஞ்சளவில் பிடிக்கிறார். பிறகு தாடையளவில். பிறகு மூக்கடியில். கண் மூடுகிறது. காற்று வாழை இலையைக் கிழிக்கிற சத்தம் கேட்கிறது.

"டிங்சர் முன்னுக்கு நிக்குது. பின்னாலை இனிப்பு. தேங்காய்ப்பூ வறுத்த மாதிரி ஒண்டு."

அந்தத் தேங்காய்ப்பூ அமெரிக்க ஓக் மரம். பேர்பன் விஸ்கியைப் புதிய ஓக் பீப்பாயில்தான் ஊற்றவேண்டும், உட்புறத்தைக் கருக்கியிருக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒரு தரம் பேர்பன் இருந்த பீப்பாய் அடுத்த பேர்பனுக்கு உதவாது. ஏறத்தாழ 200 லீற்றர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் கப்பலேறி ஸ்கொட்லாந்துக்குப் போகின்றன. லஃப்ரோய்க் இந்த விஸ்கியை முதலில் அவற்றில் வளர்க்கிறது. பிறகு 125 லீற்றர் அளவுள்ள சின்னப் பீப்பாய்க்கு மாற்றுகிறது. பீப்பாய் சிறுத்தால் ஒரு லீற்றருக்குக் கிடைக்கும் மரப்பரப்பு கூடும். மரம் கெதியாக இறங்கும்.

"உள்பக்கத்தை ஏன் கருக்கிறவை?"

"மரத்துக்குள்ளை இருக்கிற சீனி உருகி மேலை வரும், அத்தான். கரி கூடாத மணத்தை இழுத்துப்போடும்."

"வளைக்கிறதுக்கும் நெருப்புக் காட்டவேணும்."

அத்தான் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைக்கிறார். மெல்ல வளைக்கிறார். கைகளுக்கு நடுவில் பலகை ஒன்றும் இல்லை. நகமில்லாத பெருவிரல் வளைவின் நடுவை அமர்த்திப் பார்க்கிறது. வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கைகளைப் பார்க்கிறார்.

தேக்கரண்டி நுனியில் தண்ணீர். கிளாஸுக்கு மூன்று துளி. விஸ்கிக்குள் எண்ணெய் இழை போன்ற ஒன்று சுழன்று மறைகிறது. மறுபடி மணக்கிறார்கள். புகை முன்னைவிட எழும்பி நிற்கிறது. 2017 இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் இதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். புகை மணம் தரும் குவாயகோல் என்ற பொருள், தண்ணீர் கலந்தால் விஸ்கியின் மேற்பரப்புக்கு நகர்கிறது. மூக்குக்கு அது கிட்டவருகிறது.

அத்தான் இப்போதுதான் ஒரு மிடறு எடுக்கிறார். வாய்க்குள் வைத்திருக்கிறார். தொண்டை அசைய நேரமாகிறது.

ஒன்றை விட்டு மற்றக் கிளாஸ்கள் கழுவப்படுகின்றன. துடைக்கப்படுகின்றன. கவிழ்க்கப்படுகின்றன. நிமிர்த்தப்படுகின்றன.

இரண்டாவது போத்தல். லாகவூலின். 43 வீதம். மருமகன் போத்தலைத் திருப்பிச் சிட்டையை வாசிக்கிறான்.

"பதினாறு எண்டு கிடக்கு, மாமா."

"ஆகக் குறைஞ்சது பதினாறு வருசம். உள்ளுக்குக் கலந்ததிலை ஆக இளைய விஸ்கியின்ரை வயதைத்தான் போடலாம்."

"எப்ப வாங்கினது?"

"இருபத்திநாலிலை."

மருமகன் கணிதம் படிப்பிப்பவன். கழிப்பதற்கு நேரம் எடுக்கவில்லை.

"ரெண்டாயிரத்தி எட்டு."

யாரும் மறுமொழி சொல்லவில்லை. அத்தான் தலையில்லாத பனையைப் பார்க்கிறார்.

போர் நெருங்கிய 2008 ஆவணியில் இந்த வளவில் ஆள் இல்லை. துணுக்காய்ச் சனமும் மல்லாவிச் சனமும் உழவு இயந்திரத்தில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு கிழக்கே போய்விட்டது. கூரைத் தகரம் போனது. கிணற்றுக் கப்பி போனது. அத்தானின் வாளும் உளியும் சீவுளியும் ஓர் உரப்பையில் போயின. திரும்பிவந்தது உளி மட்டும். 2009 இன் கடைசியில் மீள்குடியேற்றம் தொடங்கியபோது இங்கே கிணறு இருந்தது, பனை இருந்தது.

அந்தக் காலம் முழுக்க ஐலாவில் இந்த விஸ்கி பீப்பாய்க்குள் கிடந்தது. கடலோரக் கிடங்கு. குளிர். ஈரம். ஸ்கொட்லாந்தில் ஒரு பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 வீதம் மரத்தினூடாக ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று அங்கே சொல்கிறார்கள். 16 ஆண்டில் கால்பங்குக்கு மேல் காற்றோடு போய்விடுகிறது. பெங்களூரில் அம்ருத் வடிசாலையின் பீப்பாய்கள் ஆண்டுக்குப் பத்து வீதத்துக்கு மேலும் இழக்கின்றன. 2009 இல் வந்த அதன் ஃபியூஷன் விஸ்கியில் இந்தியப் பார்லியோடு ஸ்கொட்லாந்தின் புகைபோட்ட பார்லியும் சேர்ந்திருக்கிறது. வெயில் கூடிய ஊரில் மரம் கெதியாக வேலை செய்கிறது. கெதியாகக் குடித்தும்விடுகிறது.

லாகவூலின் கிளாஸ்களில் விழுகிறது. நிறம் பழுத்த தேன். பெரும்பாலும் பழைய பீப்பாய்கள். முன்னரே விஸ்கி இருந்து தன் இனிப்பைக் கொடுத்துவிட்ட மரம். அது இனி அதிகம் கொடுக்காது. ஆண்டுகளை மட்டும் உள்ளே விடும்.

குசினியிலிருந்து அக்கா வருகிறார். தட்டில் சுட்ட கருவாடு, பிய்த்த வெங்காயம், தேசிக்காய்ப் பாதி. தட்டை வைத்துவிட்டுத் திரும்பப் போனவர் நிற்கிறார். தம்பியின் கையிலிருந்த கிளாஸை வாங்குகிறார். குடிக்கவில்லை. மணக்கிறார்.

"அடுப்புக்கு மேலை பரணிலை கிடந்த பழப்புளி."

கிளாஸைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

வந்தவர் அதே கிளாஸை மறுபடி மணக்கிறார். மறுபடியும். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுக்கிறார். பக்கங்கள் முழுக்க ஆங்கிலம். லாகவூலின் என்ற தலைப்புக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதுகிறார்: பரண், பழப்புளி.

வெயில் விறாந்தைக்குள் ஏறிவிட்டது. கதிரைகள் சுவரோரம் நகர்கின்றன.

மூன்றாவது போத்தல். ஆர்ட்பெக் ஊகடல். 54.2 வீதம். ஊகடல் ஒரு குளம். ஆர்ட்பெக் வடிசாலைக்குத் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. மூன்றிலும் புகை கூடியது இதன் முளைவிட்ட பார்லியில்தான். பத்து இலட்சத்தில் 50 பங்கு அளவுக்குப் பினோல். 1981 இல் மூடிய வடிசாலை. 1989 இல் மறுபடி அடுப்பு மூட்டினார்கள். 1997 இல் கிளென்மொரஞ்சி வாங்கி நிலைநிறுத்தியது.

நிறம் கறுத்த தேயிலைச் சாயம். மருமகன் கிளாஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறான். மணக்கிறான். இம்முறை முகம் பின்னால் போகவில்லை.

"றிச் கேக். பிளம்ஸ் கூடப் போட்டது."

"ஷெரி, தம்பி. ஸ்பெயினிலை ஹெரெஸ் எண்ட ஊர். முந்திரிகை வைன். அது இருந்த பீப்பாயிலையும் பேர்பன் பீப்பாயிலையும் வளர்ந்ததுகளைச் சேர்த்து இதைச் செய்யினம்."

ஷெரிப் பீப்பாய் பெரியது. 500 லீற்றர். முந்தி ஷெரி பீப்பாயோடு பிரித்தானியாவுக்குக் கப்பலில் வந்தது. வைனை இறக்கிய பிறகு வெறும் பீப்பாய் விஸ்கிக்காரரிடம் போனது. 1980களில் ஸ்பெயின் அந்த வழக்கத்தை நிறுத்தியது. ஷெரியை ஊரிலேயே போத்தலில் அடைக்கவேண்டியதாயிற்று. இப்போது விஸ்கிக்காரர் தங்கள் பீப்பாயை ஹெரெஸுக்கு அனுப்பி, ஷெரியை ஊற்றி ஊறவைத்து எடுக்கிறார்கள். வைனுக்காக அல்ல. மரத்துக்காக.

அத்தான் மிடறு விழுங்கிவிட்டு வெறும் கிளாஸை மேசையில் வைக்கிறார். முதல் கிளாஸ், இரண்டாவது கிளாஸ், மூன்றாவது கிளாஸ். கழுவாமல் விட்ட மூன்றையும் வரிசையாக இழுத்து ஒவ்வொன்றாக மணக்கிறார். காய்ந்த கிளாஸில் மணம் வேறாக இருக்கிறது. புகை விலகி மரம் தெரிகிறது.

"இது சின்ன மரம். இது கிழ மரம். இது வைன் குடிச்ச மரம்."

வந்தவர் கொப்பியை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஐந்தரை மணி. பனையிலிருந்து இறங்கும் சத்தம். தளநார் ஓலையில் உரசுகிறது. பக்கத்து வளவுச் சீவல் தொழிலாளி படலையைத் திறக்கிறார். இடுப்பில் பாளைக்கத்தி. கையில் முட்டி. தோளில் தளநார்.

"வாரும் தம்பி. இருந்து ஒருக்கா மணந்து பாரும்."

"வேர்வையோடை நிக்கிறன், அண்ணை."

நின்றபடியே கிளாஸை வாங்குகிறார். லாகவூலின். மணக்கிறார். ஒரே மூச்சில் விழுங்கவில்லை. பாதி எடுத்து நாக்கில் வைக்கிறார்.

"எத்தினை வருசம்?"

"பதினாறு."

அவர் முட்டியை மேசையில் வைக்கிறார். வாயில் நுரை.

"இது காலமை ஆறு மணிக்குக் கட்டினது."

மருமகன் பனையோலையில் ஒரு பிளாவைக் கோலிக்கொண்டு வருகிறான். கள்ளு பிளாவில் விழுகிறது. பாளை நுனியைச் சீவியதும் வடியும் சாறு, காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியத்தால் அப்போதே நொதிக்கத் தொடங்குகிறது. உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டி என்றால் நொதியாது. கருப்பணியாக இறங்கும். பூசாத முட்டியில் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 5 வீதம் மதுசாரம். இரவு தாண்டினால் புளிப்பு. அதற்குப் பிறகு விநாகிரி. சீவல் தொழிலாளி நாளுக்கு இரண்டு தரம் ஏறவேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் பாளை அடைத்துப்போகும்.

வந்தவர் பிளாவை இரண்டு கையாலும் ஏந்துகிறார். விஸ்கியை மணந்ததுபோலவே மணக்கிறார். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கண் மூடியிருக்கிறது. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

"ஓலை மணம். மா புளிச்ச மணம். அடியிலை முட்டி மண்."

சீவல் தொழிலாளி வேலியைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார். மண் என்றதும் தலையாட்டுகிறார்.

அத்தான் எழும்பி உள்ளே போகிறார். நேரமாகிறது. ஏதோ பெட்டி நகரும் சத்தம். கையில் முழ நீளத்தில் ஒரு மரத்துண்டோடும் உளியோடும் வருகிறார். வண்டில் வேலைக்கு வைத்த மிச்சம்.

"சமண்டலை."

துண்டை மேசை விளிம்பில் சாத்தி உளியால் ஒரு சீவல் எடுக்கிறார். சீவல் சுருண்டு வருகிறது. முறியவில்லை. வந்தவரின் கையில் வைக்கிறார். இளஞ்சிவப்பு. அவர் அதை வளைக்கிறார். வளைகிறது. விடுகிறார். நிமிர்கிறது.

"பாரம் குறைவு. வளைஞ்சு குடுக்கும். லேசிலை வெடிக்காது. பீப்பாய்க்கு வேறை என்ன வேணும்?"

சிங்களத்தில் ஹல்மில்ல. வெள்ளைக்காரர் காலத்தில் திருகோணமலை மரம் என்ற பெயரில் கப்பலேறியது. சென்னைக் கரையில் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளுக்கு அந்த மரம் போனது. இலங்கையின் தென்னஞ்சாராயத்தைப் பழங்காலம் தொட்டு முதிரவைப்பதும் அதே மரத்துத் தொட்டிகளில்தான். ஓக் வராத நாட்டில் ஓக்கின் வேலையைச் செய்த மரம். உலர்வலயக் காட்டு மரம். வன்னிக் காட்டில் இன்னும் நிற்கிறது. வெட்டவும் ஏற்றவும் அனுமதிப் பத்திரம் வேண்டும்.

மருமகன் அலுமாரியைத் திறக்கிறான். மேல்தட்டில் அரைப் போத்தல் பழைய சாராயம். மல்லாவியில் வாங்கியது. யாரோ விருந்தாளிக்கு எடுத்து மிஞ்சியது. கிளாஸ் ஒன்று கழுவி வருகிறது. ஒரு விரலுக்கும் குறைவாக விழுகிறது. மூன்று துளி தண்ணீர்.

முதலில் அத்தான் மணக்கிறார். பிறகு வந்தவர். பிறகு சீவல் தொழிலாளி. கடைசியாக மருமகன். புகை இல்லை. டிங்சர் இல்லை. பூ மணம். தேங்காயின் இனிப்பு. அதற்குக் கீழே உலர்ந்த மரம்.

அத்தான் உளியெடுத்த துண்டை ஒருக்கா மணக்கிறார். கிளாஸை ஒருக்கா மணக்கிறார். துண்டு. கிளாஸ். துண்டு.

"எத்தினை வருசம் வைச்சவை?"

மருமகன் போத்தலைத் திருப்புகிறான். சிட்டையை மேலிருந்து கீழ்வரை வாசிக்கிறான். பின்பக்கம் வாசிக்கிறான்.

"போடேல்லை, அப்பா."

அத்தான் துண்டை மேசையில் வைக்கிறார். சீவலை எடுத்துச் சட்டைப்பையில் போடுகிறார்.

ஸ்கொட்லாந்தின் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஓக் பீப்பாய். 700 லீற்றருக்கு மேற்படக்கூடாது. ஆகக் குறைந்தது 3 ஆண்டு. வலு 40 வீதத்துக்குக் குறையக்கூடாது. வயது எழுதினால் ஆக இளையதன் வயதுதான். சேறும் பார்லியும் மட்டும் உள்ள ஒரு தீவின் பெயர் துணுக்காய் விறாந்தைவரை வந்ததற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணம்.

வடக்கில் பனை இருக்கிறது. நாளுக்கு இரண்டு தரம் ஏறி இறங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பனங்கள்ளை வடித்துச் சாராயமாக்கும் அறிவு வடமராட்சித் திக்கம் வடிசாலையில் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. பீப்பாய்க்கு ஏற்ற சமண்டலை இங்கேயே வளர்கிறது. பலகையை வளைக்கத் தெரிந்த கைகளுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. பனஞ்சாராயத்துக்கு ஒரு சமண்டலைப் பீப்பாயும், அதை அசையாமல் வைத்திருக்க ஒரு கிடங்கும், ஆண்டை மறைக்காமல் எழுதும் ஒரு சிட்டையும் வேண்டும். அந்தக் கைகள் இருக்கும்போதே வேண்டும்.